திடல் வரைபடத்தில் மட்டும்
குழந்தைகளைக் கூப்பிட்டுப் படம் வரையச் சொன்னாலே இடம்பெயர்ந்தவர்களின் புதுக் குடியிருப்பு நன்றாக அமைந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை நம்ப முடியவில்லை. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, மறுகுடியமர்த்தும் இடத்தில் சிறுவர் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் ஆற்றுப் புறம்போக்கில் இருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்களாம், அவர்களை அந்தச் சட்டத்துக்குள் சேர்ப்பதே அபூர்வம். சேலத்தில் திருமணிமுத்தாற்றுக் கரையிலிருந்து அடுக்குமாடிக்கு வந்த எங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மாடிப்படித் திருப்பத்தில்தான் பந்து விளையாடுகிறார்கள்; திடலில் தண்ணி லாரியும் டூவீலர்களும் நிற்கின்றன. 'சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். எந்த பஸ் நிற்காமல் போகிறது, எந்தப் படிக்கட்டில் லைட் எரியாது என்று அதுகளைக் கேளுங்கள், புட்டுப்புட்டு வைக்கும். கான்கிரீட் போட்ட பிறகு கேட்பதுதான் கூத்து. அதிகாரிகள் இடம் பார்க்கப் போகும் அன்றைக்கே பிள்ளைகளையும் கூட்டிப் போகட்டும்.