மேகலபுரிப் படையில் மாடு எத்தனை?

என் அக்கா மகன் சொந்தமாக ஒரு நாடு வைத்திருக்கிறான். பெயர் மேகலபுரி. வங்கக் கடலில் ஒரு தீவாம், மக்கள்தொகை 20 லட்சமாம். முந்தாநாள் ராத்திரி கரண்ட் போன நேரத்தில், சார்ஜர் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்நாட்டு ராணுவ வரலாற்றை எனக்கு வாசித்துக் காட்டினான். கோடு போட்ட நோட்டில் 52 பக்கம்.

அசந்துதான் போனேன். பத்துப் பேர் ஒரு செக்ஷன், மூன்று செக்ஷன் ஒரு பிளாட்டூன், அப்புறம் கம்பெனி, பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்று படிப்படியாக ஏறுகிறது. மொத்தம் 20 டிவிஷன், 4 லட்சம் ஆள், 1,200 டாங்கி. பெண்கள் படை ஒன்றும் உண்டு. அதை நான் கற்பனை என்று சொல்லமாட்டேன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படை நாங்கள் இருக்கும் இதே ரங்கூனில் முகாம் போட்டிருந்தது, மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அதில் நிறையப் பேர். போர் 17. பதினேழிலும் வெற்றி.

"டேய், 20 லட்சத்தில் 4 லட்சம் பேர் பட்டாளத்தில் என்றால் அஞ்சில் ஒருத்தன். குழந்தைகுட்டி, வயசானதுங்களைக் கழிச்சுப் பாரு. வயல்ல யாருடா நிக்கிறது?"

"அது விவசாய அமைச்சகம் மாமா. இன்னும் எழுதல."

சிரிப்பு வந்தது. ஆனால் பெரியவர்கள் எழுதும் படை வரலாறும் முக்கால்வாசி இந்த லட்சணம்தான். எத்தனை டாங்கி, எந்தத் தளபதி, எந்த மலையைப் பிடித்தான், இதோடு சரி. அந்தப் படை எதைத் தின்றது, யாருடையதைத் தின்றது என்பதற்கு ஒரு பக்கம் கிடையாது. என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு ஜப்பான் நோட்டு இருக்கிறது, உலகப் போரில் பர்மாவைப் பிடித்தபோது ஜப்பான்காரன் அச்சடித்தது. பத்து ரூபாய். ஓரம் கறையான் அரித்தது. வரிசை எண் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணே கிடையாது, 'பி' என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும். பி என்றால் பர்மா. தாத்தாவுக்கு அப்போது பேகோ பக்கம் வயல். 1942இல் லட்சக்கணக்கில் நம் ஜனம் இந்தியாவுக்கு நடந்தபோது அவர் போகவில்லை. உழவு மாட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நின்றுவிட்டார். அந்த மாட்டைத்தான் ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போனான். ஜோடிக்கு இந்த மாதிரி நோட்டுகள் ஒரு கட்டு. 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் கட்டு அடுப்புக்குப் போனது. ஒன்றை மட்டும் பாட்டி எடுத்து வைத்தாள்.

மாடு எங்கே போனது? முத்தாகுச்சி என்ற ஜப்பான் தளபதி 1944 மார்ச்சில் மூன்று டிவிஷனோடு இம்பாலுக்குக் கிளம்பினார். கையில் மூன்று வாரச் சாப்பாடு. அதற்குள் இம்பாலைப் பிடித்து அங்குள்ள கிடங்கில் தின்றுகொள்ளலாம் என்று கணக்கு. மிச்சத்துக்கு ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். சுமைக்குச் சுமை, கறிக்குக் கறி. வழியில் சின்ட்வின் ஆற்றில் எத்தனையோ போயின, மலையேற்றத்தில் மிச்சமும் விழுந்தன. கோகிமாவில் 31வது டிவிஷனின் தளபதி சாத்தோ, சோறும் குண்டும் வரவில்லை என்று மேலிடத்து உத்தரவையே மீறித் திரும்பிவிட்டார். அந்தப் படையெடுப்பில் செத்த ஜப்பானியரில் பெரும்பாலானோரைக் கொன்றது பசியும் நோயும்தான். எங்கள் ஜோடியும் அந்தக் கூட்டத்தில்தான் போயிருக்கும் என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் சின்ட்வின் என்ற பேரை யார் எடுத்தாலும் முகம் மாறிவிடும்.

எதிர்த்தரப்பான பிரிட்டிஷ் படையிலும் இதே பாடம். 1943இல் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஒருவன் வந்தால், காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் 120 பேர் வந்தார்கள். அதன் தளபதி ஜெனரல் ஸ்லிம் என்ன செய்தார்? மலேரியா மாத்திரையைச் சிப்பாய் நிஜமாகவே விழுங்குகிறானா என்று திடீர் திடீரென்று ரத்தச் சோதனை வைத்தார். நூற்றுக்கு 95 பேராவது தேறாத பிரிவின் அதிகாரிக்கு வேலை போச்சு. மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. பாராசூட்டுக்குப் பட்டு கிடைக்காமல் சணலில் தைத்து அரிசியும் பருப்பும் போட்டார்கள். இதெல்லாம் எழுதினால்தான் அது படை. 1,200 டாங்கி என்று எழுதுவது பொம்மைக் கடை விலைப்பட்டியல்.

தோல்வியும் வேண்டும். 1942 பிப்ரவரி 23 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படையின் 17வது இந்திய டிவிஷன் சிட்டாங் ஆற்றுப் பாலத்தைத் தானே வெடிவைத்துத் தகர்த்தது, தன் ஆட்களில் பெரும்பகுதி அக்கரையில் நிற்கும்போதே. அதே டிவிஷன்தான் 1945 மார்ச்சில் ஜப்பானியரிடமிருந்து மெய்த்திலா நகரைப் பிடித்தது. நடுவில் இருக்கும் மூன்று வருஷம்தான் கதை. பதினேழும் வெற்றி என்றால் நடுவில் என்ன இருக்கும்?

போன வருஷம் அவனைத் ரங்கூனுக்கு வெளியே தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பர்மாப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் செத்து, புதைத்த இடம் தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் வெட்டியிருக்கின்றன. விரலை வைத்துத் தடவித் தடவி நம்ம ஊர்ப் பெயர்களாகத் தேடினான். சரி, அவர்களுக்காவது தூண் இருக்கிறது. ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்து வரப்பட்டுச் செத்த மலாயாத் தமிழ்க் கூலிகளின் பெயர் எந்தத் தூணில் இருக்கிறது?

(பையனுக்கு வருகிற மாதம் 18. இங்கே அது பட்டாளத்துக்குக் கூப்பிடும் வயசு. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.)

நேற்று காலையில் நோட்டோடு மறுபடி வந்தான். 20 டிவிஷனை அடித்துவிட்டு 2 என்று போட்டிருந்தான். 17 போரில் ஆறு தோல்வி. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: சமையல், மருந்து, சுமைகூலி, மாடு.

மாட்டுக்கு நேரே 600 என்று எழுதி, பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டான். "மாமா, இதுக்குக் காசு குடுத்தாங்கன்னு எழுதவா, புடுங்கிட்டாங்கன்னு எழுதவா?"

டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த நோட்டை அவன் கையில் கொடுத்தேன்.