வரி விகிதம் அல்ல, கேட்டுக்கு வெளியே இருக்கும் சாலை

தொழில் செய்ய எந்த நகரம் நல்லது என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் முதலில் வரியைத்தான் எடுக்கிறார்கள். சிங்கப்பூரில் 17 சதவீதம், ஹாங்காங்கில் 16.5, துபாயில் 2023 முதல் 9. சரி, வரி முக்கியம்தான். ஆனால் சென்னை மண்ணடியில் கிளியரிங் வேலை (சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் வேலை) பார்க்கும் எனக்கு ஒரு நகரத்தை எடைபோட ஒரே கேள்வி போதும்: இந்தத் தேதியில் சரக்கு கப்பல் ஏறும் என்று வாக்குக் கொடுத்தால், அதைக் காப்பாற்ற முடியுமா?

சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தை நடத்துவது துபாயின் டிபி வேர்ல்டு, இன்னொன்றை சிங்கப்பூரின் பிஎஸ்ஏ. அந்த ஊர்களில் முனையம் நடத்தும் அதே கம்பெனிகள்தான் இங்கேயும். எங்கள் தொல்லை துறைமுகக் கேட்டுக்கு வெளியே. எண்ணூர் விரைவுச் சாலையில் தொடங்கி காசிமேடு வழியாகத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் நாளில் கட்-ஆஃப், அதாவது கப்பலுக்குப் பெட்டியை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம், தவறிவிடும். பெட்டி ஷட்-அவுட் ஆகும், அந்தக் கப்பலில் ஏறாமல் நின்றுவிடும். அப்புறம் அடுத்த கப்பல் வரை வாடகையும், வெளிநாட்டில் சரக்குக்குக் காத்திருப்பவரின் கோபமும் சின்ன ஏற்றுமதியாளர் தலையில்தான்.

துபாய் இதை முதலிலேயே யோசித்தது. ஜெபல் அலியில் 1979இல் துறைமுகம், 1985இல் அதை ஒட்டியே தடையற்ற வணிக மண்டலம். கிடங்கும் தொழிற்சாலையும் கப்பல்துறையும் பக்கம் பக்கமாக இருப்பதால் சரக்கு ஊருக்குள் வர வேண்டியதே இல்லை. சிங்கப்பூரோ 2024இல் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 4 கோடிக்கு மேல் கையாண்ட ஊர். அவ்வளவு நன்றாக ஓடும்போதே, நகரத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் முனையங்களை மேற்குக் கோடியில் உள்ள துவாஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. லண்டன் தன் பழைய கப்பல்துறைகளை 1981 வாக்கில் மூடியேவிட்டது. இன்று அங்கே வியாபாரம் காப்பீடும் ஒப்பந்தமும்தான். 25 சதவீத வரி கட்டியும் ஆட்கள் போகிறார்கள் என்றால், அங்கே கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது.

உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஒப்பந்த வழக்கு முடிய சிங்கப்பூரில் 164 நாள், இந்தியாவில் 1,445 நாள். இந்தியாவுக்கான கணக்கை மும்பையிலும் டெல்லியிலும் மட்டுமே எடுத்தார்கள். தரவுகளில் முறைகேடு என்று 2021இல் அந்த அறிக்கையையே நிறுத்தியும்விட்டார்கள். ஆனாலும் பாக்கிப் பணத்துக்காகக் கோர்ட்டுக்கு நடந்தவர் யாரும் இந்த இடைவெளியை மறுக்க மாட்டார்.

நம் மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022இல் மறுபடி அடிக்கல். இத்தனை வருட இழுபறியை எந்த வரிச் சலுகை ஈடுகட்டும்? இழப்பு ஏற்றுமதியாளருக்கு மட்டுமல்ல. அந்த டிரெய்லர்களுக்கு நடுவேதான் திருவொற்றியூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். மீன் கூடையோடு பெண்கள் சாலையைக் கடக்கிறார்கள். உயிர்களும் போயிருக்கின்றன.

பறக்கும் சாலை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இருக்கின்றன. டிரெய்லர் நிறுத்த மணலிப் பக்கம் தனி இடம், ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும், யார் எந்த நேரத்தில் கேட்டுக்கு வர வேண்டும் என்று டோக்கன். அடுத்த முதலீட்டாளர் மாநாட்டுக்கு முன்னால் இந்த மூன்றையும் செய்யுங்கள் என்று நம் எம்எல்ஏக்களிடமும் எம்பியிடமும் நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.