2520: ராமானுஜன் கண்டுபிடித்த ஒரே எண்ணா?

ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520 என்றும், அதைக் கண்டுபிடித்தவர் ராமானுஜன் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. 2520 அவ்வாறு வகுபடுவது உண்மை. "ஒரே எண்" என்பது தவறு. 5040, 7560 என அதன் மடங்குகள் அனைத்தும், முடிவின்றி, அப்படியே வகுபடும். 2520 அவற்றுள் மிகச் சிறியது, அதாவது பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு, அவ்வளவே. 8, 9, 5, 7 ஆகியவற்றைப் பெருக்கினால் அது கிடைத்துவிடும்.

வாரத்தின் 7 நாள், மாதத்தின் 30 நாள், ஆண்டின் 12 மாதம் மூன்றையும் பெருக்கினாலும் 2520 வருவதை அச்செய்தி பெரும் மர்மமாகக் காட்டுகிறது. முப்பதையும் பன்னிரண்டையும் பெருக்கினால் வரும் 360, பத்து வரையுள்ள எண்களில் ஏழால் மட்டுமே வகுபடாது. அந்த ஏழையும் சேர்த்துப் பெருக்கிய பின் குறை ஏது? (எல்லா மாதங்களுக்கும் 30 நாள் இல்லை என்பது வேறு கதை.)

இது ராமானுஜனின் கண்டுபிடிப்பும் அன்று. அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட கிரேக்க அறிஞர் பிளேட்டோ, இதன் இருமடங்கான 5040 ஒன்று முதல் பத்து வரை இடைவிடாமல் வகுபடுவதைச் சுட்டிக்காட்டி, தம் இலட்சிய நகரின் குடிமக்கள் எண்ணிக்கையாக அதையே பரிந்துரைத்தார். ராமானுஜன் 1915இல் வெளியிட்ட ஆய்வு, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் கூடுதல் வகுஎண்களைக் கொண்ட எண்களைப் பற்றியது. 48 வகுஎண்கள் கொண்ட 2520 அவற்றுள் ஒன்று.