ஒட்டு மீசை, ஒட்டுக்கேட்பு, ஓட்டு

எங்கள் மொரிசியஸில் 2024 நவம்பர்த் தேர்தல் முடிந்து இரண்டு வாரம் கழித்து இதை எழுதுகிறேன். எங்கள் தெருவில் இரண்டு மொட்டை மாடிகளில் வென்றவர்களின் சிவப்புக் கொடி இன்னும் இறங்கவில்லை. இங்கே முகநூல் வைத்திருக்கும் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை இருந்ததால் தாமதம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பரவாயில்லை, எனக்குப் பழங்கஞ்சி பிடிக்கும்.

இதை ஜெய்சங்கரிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். எண்பதுகளில் அப்பா ரோஸ்ஹில்லில் வாடகைக்கு வீடியோ கேசட் எடுத்து வருவார். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பெயர் வாங்கிய மனிதரின் படம் எது கிடைத்தாலும் வீட்டுக்கு வந்துவிடும். 1970-இல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' எங்கள் வீட்டில் எத்தனை முறை ஓடியது என்று அம்மாதான் கணக்கு வைத்திருந்தார், அதுவும் திட்டுவதற்காக. அந்தக் காலத்து உளவுப் படங்களில் ஒரு விஷயம் மாறாது. கதாநாயகன் ஒட்டு மீசை வைத்துக்கொண்டு, கன்னத்தில் ஒரு மச்சமும் ஒட்டிக்கொண்டு வில்லனின் கூடாரத்துக்குள் நேராக நடந்து போவான். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. பத்து வயதில் நான் டி.வி. முன்னால் நின்று "அவர்தான், அவர்தான்" என்று கத்துவேன். அப்பா சொல்வார்: "மீசை வைத்துவிட்டால் தெரியாதுடா, அது சினிமாச் சட்டம்."

(எங்கள் வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். தமிழ் எனக்குச் சோறு போடுகிற மொழி. ஆகவே இந்தப் பதிவில் யார் பேசினாலும் அது என் மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

போன அக்டோபரில் 'மிசியே முஸ்தாஸ்' என்ற பெயரில் ஒருவர் சமூக வலைத்தளங்களுக்கு வந்தபோது, எண்பத்து நான்கு வயதில் அப்பா அப்படிச் சிரித்தார். மிசியே முஸ்தாஸ் என்றால் மீசைக்காரர். தஞ்சாவூரில் என்னோடு படித்த நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபர் 4-ஆம் தேதி பாராளுமன்றம் கலைந்தது. மொரிசியஸ் உரிமை கோரிவந்த சாகோஸ் தீவுகள் பற்றி பிரிட்டனோடு உடன்பாடு அறிவிக்கப்பட்டதற்கு மறுநாள் அது. ஆளுங்கட்சி மாலையும் கழுத்துமாகத் தேர்தலுக்குப் போகலாம் என்று நினைத்திருக்கும். மாதம் பாதி கழியும்போது மீசைக்காரர் வந்தார். ஒவ்வொரு நாளும் ஒலிப்பதிவு. அரசியல்வாதிகள், போலீஸ் உயர் அதிகாரிகள், பத்திரிகையாளர்கள், பிரிட்டிஷ் தூதர் வரைக்கும் போனில் பேசியது என்று சொல்லப்பட்டவை. போலீஸ் அடியில் இறந்ததாகப் புகார் எழுந்த ஒருவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை மாற்றச் சொல்லும் பேச்சு என்று ஒன்று வந்தது. அரசாங்கம், எல்லாம் செயற்கை நுண்ணறிவால் செய்த போலிக் குரல்கள் என்றது.

போலியோ அசலோ, நாங்கள் கேட்டோம். அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு மேல் தொடர் நாடகத்துக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தோம். பக்கத்து வீட்டுத் தான்தின் (கிரியோலில் அத்தை) எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலியோடு படியேறி வந்து "இன்றைக்கு மீசை ஏதாவது போட்டானா?" என்று கேட்பார். பாராளுமன்றத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் போனில் எந்த மாதிரி கிரியோல் பேசுகிறார்கள் என்று கேட்டதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. ஊருக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எதுவும் விடுபடவில்லை. நானும் கேட்டேன். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டபடியே, ஒருவர் தன் சொந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை என்று நம்பிப் பேசிய பேச்சை முழுக்கக் கேட்டேன். பாட்டி இருந்திருந்தால் "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்று அந்தப் பேசியவரைத்தான் திட்டியிருப்பார். ஒட்டுக்கேட்ட பேரனுக்குப் பழமொழி எதுவும் வைத்திருந்தாரா என்று ஞாபகமில்லை.

அக்டோபர் 31 தீபாவளி. மறுநாள் காலை, மிச்சமிருந்த கத்தோ பத்தாத் என்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். மகன் வாசல் விளக்குகளின் படத்தைப் போட முயன்றுகொண்டிருந்தான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரௌட்டரை அணைத்துப் போட்டான். மறுபடி சுற்றியது. பிறகுதான் செய்தி வந்தது: தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, எல்லாச் சமூக வலைத்தளங்களையும் நவம்பர் 11 வரை நிறுத்தும்படி உத்தரவு. வாக்களிப்பு 10-ஆம் தேதி. கணக்குப் போடத் தெரியாதவர் யார்? அரை மணி நேரத்தில் மகன், தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் வி.பி.என். செயலியைப் போட்டுவிட்டான். பத்து நிமிடம் கழித்துத் தான்தின் தன் போனோடு வந்து நின்றார். "எனக்கும் அதைப் போட்டுக்கொடு." அந்தத் தெருவுக்கே அன்று அவன்தான் சி.ஐ.டி. சங்கர்.

எதிர்ப்பு எழுந்து மறுநாளே தடையை நீக்கினார்கள். அந்த மறுநாள் நவம்பர் 2. வெளிநாட்டு நண்பர்களுக்கு அந்தத் தேதியின் கனம் தெரியாது. 1834-இல் ஒப்பந்தக் கூலிகள் இந்தத் தீவில் வந்து இறங்கியதை நினைக்கும் அரசு விடுமுறை அது.

அந்த ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி ஒன்று. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் நான் தமிழ் படித்த காலத்தில், அங்குள்ள குடியேற்ற ஆவணக் காப்பகத்தில் என் பாட்டனாரின் தகப்பனாரைத் தேடிப் போனேன். பெயர், ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஒரு எண். பிற்காலத்துப் பதிவுகளில் புகைப்படமும் உண்டு. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த பழைய குடியேறிகள் புகைப்படம் ஒட்டிய சீட்டு இல்லாமல் தெருவில் நடக்க முடியாது. சீட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனால் நாடோடி என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். என் கொள்ளுத்தாத்தா எங்கே தூங்கினார், யாரிடம் வேலை பார்த்தார் என்பதை அரசாங்கம் எழுதி வைத்தது. அந்தக் கண்காணிப்பு இல்லாவிட்டால் இன்று எனக்கு அவர் முகமே தெரிந்திருக்காது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்றியும் வரும், கோபமும் வரும். இரண்டில் எது முதலில் வருகிறது என்று இதுவரை பிரித்துப் பார்த்ததில்லை.

தடை நீங்கிய பிறகு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், மிசியே முஸ்தாஸ் ஒற்றனா?" குறளில் ஐம்பத்தொன்பதாவது அதிகாரம் ஒற்றாடல். நல்ல கேள்வி என்பதால் பாடத்தை நிறுத்திவிட்டு அதையே எடுத்துக்கொண்டோம். வள்ளுவர் ஒற்றனுக்குச் சொல்லும் தகுதிகளில் ஒன்று 'உகாஅமை'. உகுதல் என்றால் சிந்துதல், கசிதல். என்ன வந்தாலும் உள்ளே இருப்பதைக் கசிய விடாதவன்தான் ஒற்றன். அந்த இலக்கணப்படி மீசைக்காரர் ஒற்றனே இல்லை, ஒற்றன் நிரப்பி வைத்த பானையை நடுத்தெருவில் உடைத்தவர். மாணவிக்கு இதில் திருப்தி. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பானையை உடைத்தவர் யார் என்று நாடே துப்பறிந்தது. நிரப்பியது யார், எந்தக் குழாயில், யார் சொல்லி? அந்தக் கேள்வியைத் தான்தினும் கேட்கவில்லை, நானும் தோட்டத்தில் கேட்கவில்லை. இங்கே சட்டப்படி ஒருவர் பேச்சை இடைமறிக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். இத்தனை பேருக்கு எந்த நீதிபதி கையெழுத்துப் போட்டிருப்பார்?

இது புதிய சந்தேகமும் இல்லை. 2022-இல் டெலிகாம் நிறுவனத்தின் தலைமைப் பதவியிலிருந்து விலகியவர், தெற்கே பே து ஜாக்கோத்தேயில் கடலடிக் கம்பி கரையேறும் நிலையத்தில் இணையப் போக்குவரத்தை முகர்ந்து பார்க்கும் கருவி வைக்கத் தன்னை நெருக்கினார்கள் என்று குற்றம் சாட்டினார். அப்போதைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் மறுத்தார். இந்தியாவிலிருந்து வந்த தொழில்நுட்பக் குழு பாதுகாப்புக்கான ஆய்வுதான் செய்தது என்றார். இங்கே 'ஸ்னிஃபிங்' என்ற சொல் அந்த ஒரு மாதத்தில் மீன்கடை வரைக்கும் போனது. அப்புறம் எல்லாரும் மறந்தோம். தென்னாப்பிரிக்காவில் தொடங்கும் அந்தக் கம்பி ரீயூனியன், மொரிசியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. கரும்பு வெட்ட ஆள் ஏற்றிவந்த அதே கடல்.

சரி, தேர்தல். நவம்பர் 11, திங்கட்கிழமை, வாக்கு எண்ணிக்கை. மத்தியானத்துக்குள் கதை முடிந்துவிட்டது. பிரவிந்த் ஜக்நாத் தன் கூட்டணி பெரும் தோல்வியை நோக்கிப் போகிறது என்று தானே சொன்னார். இந்தத் தீவின் 60 இடங்களும் நவீன் ராம்கூலம் தலைமையிலான எதிரணி 'மாற்றக் கூட்டணி'க்கு. தெருவில் ஹார்ன் சத்தம், சிவப்பும் ஊதாவுமாகக் கொடி. தஞ்சாவூர் நண்பன் செய்தி அனுப்பினான்: "உங்க ஊர்ல சூரியன் தோத்துடுச்சாமே?" ஜக்நாத் கட்சியின் சின்னம் சூரியன். இது வேற சூரியன்டா என்று பதில் போட்டேன்.

60-க்கு 60 என்பது இங்கே மூன்றாவது முறை. 1982-இல் சிவசாகர் ராம்கூலத்தை அனிரூத் ஜக்நாத் அப்படி வீழ்த்தினார். 1995-இல் அனிரூத்தை, சிவசாகரின் மகன் நவீன் வீழ்த்தினார். இப்போது அனிரூத்தின் மகன் பிரவிந்தை அதே நவீன். 1962 முதல் ஜேம்ஸ்பாண்ட் கோட்டை ஆறு நடிகர்கள் மாட்டிக்கொண்டார்கள். 1968-இல் சுதந்திரம் வாங்கியதிலிருந்து எங்கள் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஐந்தே பேர், அதில் நான்கு பேர் இரண்டே குடும்பம். பாண்ட் படத்துக்கு நடிகர் தேடுகிறவர்கள் எங்களைவிடத் தாராளம்.

'புதிய' தலைவருக்கு வயது 77. நான்காவது முறை பதவி ஏற்கிறார். 2014-இலும் 2019-இலும் தான் நின்ற தொகுதியிலேயே தோற்றவர். ஓய்வு கொடுத்து அனுப்பிய பழைய ஏஜென்டைக் கடைசிக் காரியத்துக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டிருக்கிறோம். நானும்தான் ஓட்டுப் போட்டேன். வருத்தம் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் ஒரு கையெழுத்தில் வாயை அடைக்கத் துணிந்தவர்களுக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது? ஆனால் இதைச் சொல்லாமல் விட மனசு ஒப்பவில்லை: அந்தக் கருவி, அந்தக் குழாய், இதற்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள், எதுவும் தேர்தலில் நிற்கவில்லை. அறுபது இடத்தில் எதிலும் அவற்றுக்கு எதிராக முத்திரை குத்த எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. சாவி மட்டும் கை மாறியிருக்கிறது. நவீனின் தொழிற்கட்சியின் சின்னமே சாவி என்பது வேறு கதை. எங்கள் நண்பர்கள் சிலர் "இனி நம்ம ஆட்சிதானே" என்கிறார்கள். அந்த 'நம்ம'தான் எனக்குப் பயம்.

ஜெய்சங்கர் படங்களுக்கு நேர் எதிரான ஒரு படத்தை மகன் போன சனிக்கிழமை போட்டுக் காட்டினான். 1974-இல் கொப்போலா எடுத்த 'தி கான்வர்சேஷன்'. துப்பாக்கி, கார் துரத்தல், கிளப் டான்ஸ் ஒன்றும் கிடையாது. ஊரார் பேச்சைப் பதிவு செய்து விற்பதே தொழிலான ஒருவன், கடைசியில் தன் வீட்டையே யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் சுவர், தரைப்பலகை என்று ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தேடுகிறான். ஒன்றும் அகப்படவில்லை. அப்பா பாதியில் எழுந்து போய்விட்டார். "சண்டை எப்போ வரும்?" என்று இரண்டு முறை கேட்டார், பாவம்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அக்டோபரிலிருந்து பிரெஞ்சு டீச்சர் அரசியல் பேசுவதற்கு முன் தன் போனை அதில் போட்டு மூடிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நாங்கள் கேலி செய்வோம். போன வாரம் 14-ஆவது மாதச் சம்பளம் (கூடுதலாகத் தரும் ஒரு மாதச் சம்பளம்) வருமா வராதா என்று பேச்சு வந்தது. டீச்சர் எழுந்துபோய் டின்னை எடுத்து வந்தார். "ஆட்சிதான் மாறிவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று கேட்டேன். "பழகிவிட்டது" என்று சொல்லிவிட்டு, டின்னை என் பக்கம் நீட்டினார். என் போன் கொஞ்சம் பெரியது. குறுக்கே வைத்தும் பார்த்தோம், மூடி மூடவில்லை. அப்படியே வைத்துவிட்டுச் சம்பளத்தைப் பற்றி மெதுவான குரலில் பேசினோம்.