உருட்ட வேண்டியது டைஸை மட்டும்தான்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, டைஸ் உருட்டிக் கதையாக ஆடுகிற ஆட்டம்தான் டேபிள்டாப் ஆர்பிஜி. அதை நடத்துகிற ஜிஎம்களில் (கேம் மாஸ்டர்) ஒரு கூட்டம் உண்டு. "நான் எதையும் எழுதி வைத்துக்கொண்டு வருவதில்லை, எல்லாம் அந்த நேரத்தில் வருவதுதான்" என்பதை விருது வாங்கிய மாதிரி சொல்வார்கள். எதிர்க்கரையில் இன்னொரு கூட்டம். நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்து, பிளேயர்கள் மூன்றாம் பக்கத்திலேயே வேறு பக்கம் திரும்பியதும் முகம் தொங்கிப் போகிறவர்கள். இரண்டாவது கூட்டத்தைத் திட்ட எல்லோரும் தயார். முதல் கூட்டத்துக்கு மட்டும் "ஃப்ளெக்சிபிள் ஜிஎம்" என்று பட்டம் கிடைத்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதையும் முன்கூட்டி முடிவு செய்யாதவரிடம் வளைத்துக்கொடுக்க என்ன இருக்கிறது? அவர் செய்வது உருட்டு. நாலு செஷன் தாண்டினால் பிளேயர்களுக்கே தெரிந்துவிடும்.

இந்தச் சண்டை இந்தப் பொழுதுபோக்கைவிடப் பழையது. பிரஷ்ய ராணுவ அதிகாரிகளுக்கு ரைஸ்விட்ஸ் 1824-ல் கொடுத்த போர் விளையாட்டில் எல்லாவற்றுக்கும் அட்டவணை, எல்லாவற்றுக்கும் டைஸ். 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி வந்து, அட்டவணைகளை ஓரமாக வையுங்கள், விஷயம் தெரிந்த நடுவர் தீர்ப்புச் சொன்னால் போதும் என்றார். அப்புறம் 1969-ல் அமெரிக்காவில் டேவிட் வெஸ்லி, பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு நெப்போலியன் காலப் போர் விளையாட்டு நடத்தினார். ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார். அவர் எதிர்பார்த்த போர் தொடங்கவே இல்லை. இரண்டு பேர் வந்து நாங்கள் ஒண்டிக்கு ஒண்டி மோதப் போகிறோம் என்றார்கள். அதற்கு ரூலே இல்லை, அங்கேயே முடிவு சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டம் சொதப்பிவிட்டது என்று அவர் நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அப்படி ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் வெளியிட்டதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற ஆர்பிஜி. திட்டம் குலைந்த ஒரு மாலையில்தான் நம்முடைய பிழைப்பே ஆரம்பித்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: வெஸ்லி வெறுங்கையோடு வரவில்லை. ஊர் இருந்தது, அதில் ஆட்கள் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஒன்று இருந்தது. அதனால்தான் திட்டம் போனபிறகும் ஆட்டம் நின்றது.

ஆக, தயாரிப்பு வேண்டும். எதைத் தயாரிப்பது என்பதில்தான் கோளாறு. "பிளேயர்கள் மதில் ஏறுவார்கள், காவலனைச் சமாளிப்பார்கள், கடிதத்தை எடுப்பார்கள்" என்று எழுதினால் அது பிளேயர்களின் வேலையை நீங்கள் செய்வது. கோட்டைக்குள் யார் யார், அவர்களுக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதினால், எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் அது உதவும்.

என் கணக்கில் மூன்று மணி நேர செஷனுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். அதில் மூன்று அல்லது நான்கு ஆட்கள், ஆளுக்கு மூன்று வரி: என்ன வேண்டும், எதற்குப் பயம், அதற்காக எதுவரை போவார். நாலைந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் கை வைக்கத் தோதாக ஒரு பொருள் (எண்ணெய்ப் பீப்பாய், அறுந்துபோகிற நிலையில் தொங்கும் மணி, எதுவானாலும்). நாள்வாரியாக ஒரு குறிப்பு: பிளேயர்கள் தூங்கிக்கொண்டே இருந்தால் இன்று, நாளை, மறுநாள் என்ன ஆகும். ஓரத்தில் பத்துப் பெயர்கள். பெயர்ப் பட்டியலை அற்பமாக நினைக்காதீர்கள். திடீரென்று முளைத்த குதிரைக்காரனின் பெயரைக் கேட்டதும் ஜிஎம் "ம்ம்ம்..." என்று இழுத்தால், இவன் கதையில் இல்லாத ஆள் என்று அந்த நொடியே பிளேயர்களுக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு அவனிடம் யாரும் பேசமாட்டார்கள்.

துப்பறிகிற கதையானால் ஆர்பிஜி வலைப்பதிவர் ஜஸ்டின் அலெக்ஸாண்டர் 2008-ல் எழுதிய மூன்று துப்பு விதி இன்னும் செல்லுபடியாகிறது. பிளேயர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில் பிடிப்பார்கள். நான் கூடுதலாகச் சொல்வது, துப்பை இடத்தோடு ஆணியடிக்காதீர்கள். "மேஜை இழுப்பறையில் ரசீது" என்று மட்டும் எழுதி வைத்தால் மேஜையை யாரும் தொடாத அன்று கதை அங்கேயே நின்றுவிடும். "எழுத்தர் கடனில் மூழ்கியிருக்கிறார்" என்று தகவலாக எழுதினால் அது ரசீதாகவும் வரலாம், சமையலறை வம்பாகவும் வரலாம்.

இப்போது அந்தக் கோட்டைக்கே வருவோம். எடுக்க வேண்டியது ஒரு கடிதம். ஜிஎம் யோசித்து வைத்திருப்பது மதில், வாசல், காவல் மாறும் நேரம். பிளேயர்கள் பத்து நிமிடம் குசுகுசுவென்று பேசிவிட்டு, "நாங்கள் கோட்டைச் சமையலறையில் வேலைக்குச் சேர்கிறோம்" என்கிறார்கள். 

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஜிஎம், "வேலைக்கு ஆள் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்" என்பார். உருட்டு ஜிஎம், "சூப்பர், சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லி, அரை மணியில் கடிதத்தையும் கையில் கொடுத்துவிடுவார். இரண்டாவதற்குக் கைதட்டல் கிடைக்கும், ஆனால் பிளேயர்கள் போட்ட திட்டத்துக்கு எடை இல்லாமல் போகும். எதைச் சொல்லியிருந்தாலும் நடந்திருக்கும் என்றால் யோசிப்பது எதற்கு?

பக்கத்தைப் பாருங்கள். தலைமைச் சமையல்காரிக்கு என்ன வேண்டும்? மூன்று நாளில் விருந்து, இரண்டு ஆட்கள் ஓடிப்போய்விட்டார்கள். ஆக, சேர்த்துக்கொள்வாள். எதற்குப் பயம்? அவள் அடுப்படியில் ஏதாவது நடந்தால் தலை அவளுடையது. ஆகவே, "வேலை தெரியுமா தெரியாதான்னு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்தக் கத்திய இங்க வை. இந்த அடுப்படியில கத்தி என் கையில மட்டும்தான்." ஆயுதம் போயிற்று. ராத்திரி தனித்தனி அறை, வெளியே தாழ்ப்பாள். உள்ளே வந்தாயிற்று, விலையும் கொடுத்தாயிற்று. இதில் ஜிஎம் புதிதாகக் கண்டுபிடித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்று வரிக் குறிப்பைத் திருப்பிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து ஒரு தாளில் வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரித்து, மேலே "சந்தேகம்" என்று எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜை நடுவில் வையுங்கள். ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் (2017) என்ற ஆர்பிஜி இதைக் கடிகாரம் என்ற பெயரில் பரவலாக்கியது; நாலு, ஆறு, எட்டுத் துண்டுகளில் வரும். எந்த ரூல் புத்தகத்தோடும் ஒட்டிக்கொள்கிற உபாயம் இது. ரோல் (டைஸ் உருட்டல்) தோற்றால் ஒரு துண்டு, பலர் பார்க்க அசட்டுத்தனம் செய்தால் இரண்டு. நிரம்பினால் வேலையாட்களின் அறைகளைச் சோதனை போட உத்தரவு. மறைத்து வைக்கிற ஜிஎம்கள் இங்கே தவறுகிறார்கள். நாலு துண்டு நிரம்பியது தெரிந்தால்தான் பிளேயர் "இன்னும் ஒரு ராத்திரி காத்திருக்கலாமா, இப்போதே போகலாமா" என்று தவிப்பார். தெரியாவிட்டால் சோதனை வானத்திலிருந்து விழுந்த தண்டனையாகத்தான் படும்.

டைஸ் கணக்கில் பல பேர் தெரியாமலே பிளேயர்களின் காலை வாருகிறார்கள். 20 முக டைஸில் விழுந்ததோடு கேரக்டரின் திறமைக்காக 5 கூட்டி, இலக்கு எண்ணான 15-ஐத் தொட வேண்டும் என்றால் டைஸில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். ஐந்து பேரும் ஒளிந்து போக வேண்டும், ஒருவர் தோற்றாலும் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் ஐந்து பேரும் ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் 5 சதவீதம். ஜிஎம் "நடுத்தரக் கஷ்டம்" என்று நினைத்துக் கொடுத்தது உண்மையில் மூடின கதவு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ஆம் பதிப்பில் இதற்கு வழி இருக்கிறது: குழுவில் பாதிப் பேராவது ஜெயித்தால் எல்லோரும் தப்பினார்கள். ஐந்தில் மூன்று என்று வைத்தால் வாய்ப்பு 59 சதவீதத்துக்கு ஏறுகிறது. இதற்கு நேர்மாறு, ஒரே பூட்டை மூன்று தடவை முயல விடுவது. அப்போது 91 சதவீதம். தோற்றால் ஒன்றும் போகாது, திரும்ப முயலலாம் என்றால் ரோல் எதற்கு? "திறந்துவிட்டாய், கால் மணி ஆயிற்று" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தில் ஒரு துண்டை நிரப்புங்கள்.

எதிர்பாராத காரியம் ஒன்றைப் பிளேயர் சொன்னால் மூன்று கேள்வி: என்ன ஆக வேண்டும் என்று நினைக்கிறாய், எப்படிச் செய்கிறாய், தோற்றால் என்ன போகும். மூன்றாவதற்கு ஜிஎம்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் டைஸ் உருளுவதற்கு முன்னால், சத்தமாக. இலக்கு எண்ணையும் சொல்லிவிடுங்கள். சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20, இதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம். இதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். "விளக்கை அணைத்துவிட்டுப் போகிறேன்" என்று பிளேயர் சொன்னால் 15-ஐ 10 ஆக்கலாம். டைஸ் கையை விட்டுப் போன பிறகு ஒரு எண்ணும் அசையக் கூடாது.

ஜிஎம் தன் முன்னால் வைத்துக்கொள்கிற திரைக்குப் பின்னால் டைஸ் முடிவை மாற்றிச் சொல்வதில் எனக்குச் சமரசம் கிடையாது. "கதைக்காகத்தான்" என்பார்கள். அந்த முடிவு வந்தால் கதை கெடும் என்றால் ரோல் கேட்டதே தப்பு. சாகடிக்க மனமில்லையா, உருட்டுவதற்கு முன்பே "தோற்றால் சிறைபிடிப்பார்கள்" என்று பந்தயத்தை மாற்றுங்கள். சண்டை இழுக்கிறதா, எதிரிகளை ஓடவிடுங்கள். 1981-ன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் பதிப்பில் இதற்கே மன உறுதி எண் என்று 2 முதல் 12 வரை ஒன்று உண்டு: முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் இரண்டு 6 முக டைஸ் உருட்டி, அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம். அதே பதிப்பில் முதல் சந்திப்பில் எதிராளி எப்படி நடந்துகொள்வான் என்பதற்கும் அதே இரண்டு டைஸை உருட்டுவது உண்டு. 2 விழுந்தால்தான் உடனடித் தாக்குதல், அதாவது 36-ல் ஒன்று. 6 முதல் 8 வரை விழுந்தால் எதிராளி குழம்பி நிற்கிறான். இது 44 சதவீதம். ஆக, ஏறக்குறையப் பாதிச் சந்திப்புகள் பேச்சுக்கு இடம் வைத்துத்தான் தொடங்குகின்றன. பழைய ரூல்களைக் கட்டுப்பெட்டி என்பவர்கள் இந்த அட்டவணையை ஒரு மாதம் பயன்படுத்திப் பார்க்கட்டும்.

எந்தச் சாலையில் போனாலும் அதே ராட்சசனைக் கொண்டுபோய் நிறுத்துவது சரியா என்ற பழைய விவாதத்துக்கு என் பதில் சின்னது. இரண்டு சாலையும் பிளேயருக்கு ஒன்றுதான் என்றால் எங்கே நிறுத்தினாலும் தப்பில்லை. வடக்குச் சாலையில் ராட்சசன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு தெற்கே போனவர்கள் முன்னால் அவனை நிறுத்தினால் அது மோசடி.

பாதி வெற்றிதான் பல ஜிஎம்களுக்குக் கண்டம். வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் எழுதிய அபோகலிப்ஸ் வேர்ல்ட் (2010) என்ற ஆர்பிஜியின் வழி வந்த ஆட்டங்களில் இரண்டு 6 முக டைஸ், 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை "நடந்தது, ஆனால்...". கூட்டல் 1 இருந்தால் 44 சதவீதம் ரோல்கள் இந்த "ஆனால்"-இல்தான் விழும். மூன்று மணி நேரத்தில் இருபது "ஆனால்" யோசிக்க யாராலும் முடியாது. மூளை வறண்டு, எல்லாமே "காவலன் வந்துவிட்டான்" என்று ஆகும். பக்கத்தின் ஓரத்தில் ஐந்தை எழுதி வையுங்கள்: நேரம் போயிற்று, சத்தம் கேட்டது, ஒரு பொருள் உடைந்தது, ஒருவரிடம் கடன்பட்டாய், தப்பான ஆள் பார்த்துவிட்டான். வரிசையாகச் சுற்றி வந்தாலே போதும், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

பிளேயர்களிடமே கேட்டு உலகத்தைக் கட்டுவது நல்ல பழக்கம், ஓர் எல்லை வரைக்கும். "இந்த ஊரில் உன் கேரக்டருக்கு யாரைத் தெரியும், கடைசியாக ஏன் சண்டை வந்தது?" அருமையான கேள்வி. "கொலைகாரன் யாராக இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டு அதையே விடையாக வைத்தால் புதிரைக் கொன்றுவிட்டீர்கள். இன்னொன்று, கேட்டால் யார் பதில் சொல்வார்? சத்தமாகப் பேசுகிறவர். மூன்று மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 36 நிமிடம், அதிலும் ஜிஎம் பேசுவது போக மிச்சம்தான். வளைந்துகொடுக்கிற ஜிஎம், கொஞ்சம் அசந்தால், ஒரே ஒருவருக்கு மட்டும் வளைந்துகொண்டிருப்பார். பேசாத பிளேயரின் கேரக்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீ அப்போது எங்கே நிற்கிறாய்?" என்று கேட்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஒன்றுமே தோன்றாத நேரம் வரும். ஐந்து நிமிடம் இடைவேளை விடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. செஷன் முடிவில் "அடுத்த தடவை எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டால் அடுத்த வாரத் தயாரிப்பில் பாதி மிச்சம். பதில் மாறலாம், மாறினாலும் அந்த மூன்று நாலு ஆட்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.

அந்த ஒரு பக்கத்தின் பின்புறத்தை மட்டும் காலியாக விட்டு வையுங்கள். ஆடும்போது வாயில் வந்ததையெல்லாம் உடனே அங்கே எழுத வேண்டும்: குதிரைக்காரன் பெயர், எரிந்துபோன பாலம், சமையல்காரியின் நொண்டிக் கால். அடுத்த செஷனில் அவள் மாடிப்படியில் ஓடி வந்தால், பிளேயர்களில் ஒருவர் கட்டாயம் கையைத் தூக்குவார்.