வன்னிக்கு ஊழியத்துக்கு வரும் பிள்ளைகளே, எங்கள் வீடுகளில் தங்குங்கள்

ஆடி மாதம் சோளகக் காற்று எழும்பிப் புழுதி கிளப்பத் தொடங்கினால், எங்கள் பக்கத்துச் சபைகளுக்கு வெளிநாட்டுக் குழுக்களும் வரத் தொடங்கிவிடும். கனடா, லண்டன், நோர்வே, சுவிஸ் என்று பல இடங்களிலிருந்து வருவார்கள். பெரும்பாலும் எங்கள் ஆக்களின் பிள்ளைகள்தான். அங்கே கோடை விடுமுறை, இங்கே "மிஷன் ட்ரிப்". சிலர் இரண்டு கிழமைக்கு வருவார்கள், சிலர் விடுமுறை முழுவதற்குமே வருவார்கள். கிளிநொச்சி ரவுணில் அறை எடுத்துத் தங்கி, காலையில் வான் பிடித்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடி, ஒரு ஊரில் பாட்டு, ஒரு ஊரில் கொப்பி கொடுப்பு, ஒரு ஊரில் ஜெபக்கூட்டம் என்று முடித்துவிட்டு, பொழுதுபட ரவுணுக்குத் திரும்பிவிடுவார்கள்.

நான் இங்கே ஞாயிறு பள்ளியில் படிப்பிக்கிறேன். இந்தக் குழுக்களை வருடக் கணக்காகப் பார்த்து வருகிறேன். இவர்கள் வரவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வரவேண்டும். ஆனால் வந்தால் எங்கள் வீடுகளில் தங்க வேண்டும், ஒரே ஊரில் இருக்க வேண்டும், அந்த ஊர்ச் சபை சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ள முடியாத குழு வராமல் இருப்பதே நல்லது. கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழு எங்கள் ஊருக்கு வந்தது. வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சபைப் பெண்கள் முதல் நாளே கூடிக் கதைத்து, ஆளுக்கொரு சாமானாகப் போட்டுச் சமைத்தார்கள். அரிசி ஒருவர், தேங்காய் ஒருவர், மரக்கறி இன்னொருவர். ஊர்க்கோழி கொடுத்தது கணவர் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு அக்கா. முட்டை இட்டுக்கொண்டிருந்த கோழி அது. முட்டை விற்ற காசில்தான் அவர் கடைசி மகனுக்குக் கொப்பி, பேனை வாங்குவார். குழு வந்தது, பாடினார்கள், ஜெபித்தார்கள், பிள்ளைகளோடு விளையாடினார்கள். மத்தியானம் எல்லோரும் வானுக்குள் ஏறி, ரவுணில் கட்டிக்கொண்டு வந்த பார்சல்களைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். வெளிச் சாப்பாடு, வெளித் தண்ணீர் எதையும் தொடக்கூடாது என்பது அனுப்பிய சபை எழுதிக் கொடுத்த விதியாம். அந்தப் பிள்ளைகளில் ஒரு பிழையும் இல்லை, தங்களுக்காகச் சமைத்து வைத்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அக்கா கறிச்சட்டியைச் சீலைத் துண்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். "அவையளுக்கு எங்கட சமையல் ஒத்துவராது போல" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

வயிறு குழம்பிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும் என்று கேட்டால் எந்த வீட்டிலும் தருவார்கள். உறைப்புக் குறைத்துச் சமைக்கச் சொன்னாலும் சமைப்பார்கள். வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், பாதரட்சை வேண்டாம், ஏற்றுக்கொள்கிற வீட்டிலேயே தங்குங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள், முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். இதை எத்தனை தரம் வாசித்திருப்போம்! ஊழியத்துக்குப் புறப்படுகிறவர் வெறுங்கையோடு போய் அந்த ஊரின் சோற்றைச் சாப்பிட வேண்டும் என்பது அவரே வைத்த ஒழுங்கு. நாங்களோ சூட்கேஸ் நிறையச் சாமானோடு போய், அந்த ஊரின் சோற்றை மட்டும் வேண்டாம் என்கிறோம்.

வன்னிச் சனத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களைப் பற்றி ஆறாத ஒரு நினைவும் இருக்கிறது. 2008 செப்டெம்பரில், யுத்தம் கிளிநொச்சியை நெருங்கியபோது, அரசாங்கத்தின் உத்தரவுப்படி ஐநாவும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. கிளிநொச்சியில் ஐநா அலுவலக வாசலில் சனம் போய் நின்று, போகாதேங்கோ என்று மன்றாடியது. வெள்ளை வாகனங்கள் ஏ9 வீதியால் போய்விட்டன. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் சனத்தோடு இருந்தவர்கள் இந்த மண்ணின் டாக்குத்தர்மாரும், அரசாங்க உத்தியோகத்தர்களும், பாதிரிமாரும், அருட்சகோதரிமாரும், பாஸ்டர்மாரும்தான். ஒரு காலத்தில் யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியில் அதிபராக இருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடையப் போனவர்களோடு தானும் போனார். அவருக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்றுவரைக்கும் பதில் இல்லை. அவர் கத்தோலிக்கர், நான் வேறு திருச்சபை, எங்கள் பக்கத்து வீட்டார் சைவர். அவருடைய பெயரைச் சொன்னால் எங்கள் மூன்று பகுதிக்கும் தொண்டை அடைக்கும்.

இப்படியான இடத்தில் ஊழியக்காரரைச் சனம் பிரசங்கத்தை வைத்து அளக்காது. கஷ்ட காலத்தில் இருந்தாரா, போனாரா என்றுதான் பார்க்கும்.

1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரைப் பற்றிக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. சைவத்தை இழித்துப் பேசினார்கள், அதற்கு ஆறுமுக நாவலர் எழுதிய பதில்கள் வரலாறு. ஆனாலும் அவர்கள் தங்கினார்கள். டானியல் பூவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியில் செத்தார். 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, மருத்துவப் புத்தகங்களைத் தமிழில் ஆக்கி, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஒரு கோடை விடுமுறைக்கு வரும் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் போய், நீயும் இப்படி ஆயுள் முழுக்க இரு என்று கேட்க முடியாது. கேட்கவும் மாட்டோம். இங்கே ஏற்கெனவே தங்கி வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து, அவர்கள் காட்டும் வேலையைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஊர்ச் சபையின் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பள்ளிப் பை, கொப்பி, சப்பாத்து எல்லாம் கொண்டு வந்து, பிள்ளைகளை வரிசையாக இருத்தி, பாட்டுப் படிப்பித்து, கண்ணை மூடச் சொல்லி ஒரு ஜெபமும் செய்து, அதற்குப் பிறகு கொடுக்கிறார்கள். வந்திருக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். குழுவுக்கு இது அன்பாகத் தெரிகிறது. பின்னேரம் பையோடு வீட்டுக்கு வரும் பிள்ளை அங்கே படித்த பாட்டைப் பாடும்போது தாய்க்கு எப்படி இருக்கும்? வறுமையைப் பார்த்து மதம் மாற்றுகிறார்கள் என்ற கோபம் வடக்கில் இப்போது சும்மா எழும்பவில்லை. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் பயந்தோம், அது சட்டமாகவில்லை. சட்டம் வராவிட்டாலும் தேத்தண்ணிக் கடையில் கதை வரும். குழு பிளேன் ஏறிவிடும். எங்கள் பாஸ்டர்தான் அடுத்த நாள் அதே ஒழுங்கையால் சைக்கிளில் போக வேண்டும், அதே சனத்தின் செத்த வீட்டில் போய் இருக்க வேண்டும். கொப்பி கொடுக்க வேண்டுமானால் பள்ளிக்கூட அதிபரிடம் கொடுங்கள். யார் கொடுத்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியவே வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதும் எங்கள் வேதத்தில் உள்ளதுதானே.

அப்புறம் இந்தச் சாட்சி கேட்கும் பழக்கம். எங்கள் ஊரில் மகனைத் தேடும் ஒரு அம்மா இருக்கிறார். ஆணைக்குழுக்களிடம் சொன்னார், காணாமல்போனோர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் போராட்டம் தொடங்கியபோது போய் இருந்தவர்களில் அவரும் ஒருவர். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் வெளியாட்கள் வந்து இருந்தால், அவர்கள் வாய் திறக்கும் முன்னமே அவர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்துக்கொண்டு வருவார். அதற்குள் மகனின் படம், அடையாள அட்டைப் பிரதி, முறைப்பாட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றாக மடியில் விரித்து வைப்பார். குழுவில் வந்த பிள்ளைகளுக்கு முன்னாலும் அப்படித்தான் வைத்தார். பிள்ளைகள் அழுதார்கள், படம் எடுத்தார்கள், ஜெபித்தார்கள், அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாவுக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. அது எங்களுக்குத்தான் தெரியும். தயவுசெய்து யுத்தத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். ஒரு மாதம் அந்த வீட்டில் இருந்தால், இரவில் நெல்லுப் புடைத்துக்கொண்டிருக்கும்போது அவரே சொல்லுவார். அப்போதும் கைத்தொலைபேசியைத் தூக்காமல் கேளுங்கள்.

வீட்டில் தங்கினால்தான் விளங்கும் விஷயங்கள் நிறைய. உதாரணத்துக்கு, நுண்கடன். விடிய எட்டு மணிக்குக் கடன் தவணை வாங்க மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நிற்கும் ஆளைப் பகல் பத்து மணிக்கு வானில் வரும் குழு காண்பதில்லை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட தோடு அடகு. 2018இல் வறட்சி வந்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் ஒரு சலுகை அறிவித்தது, கொஞ்சப் பேருக்கு உதவியது. பிரச்சினை முடியவில்லை. முன்பள்ளிச் சுவருக்குப் பெயின்ற் அடிக்க இத்தனை பேர் பிளேன் ஏறி வர வேண்டுமா என்று யோசியுங்கள். எங்கள் சந்தியிலேயே வேலையில்லாமல் நிற்கும் பெயின்றர் இருக்கிறார், அவர் வீட்டிலும் அந்த மோட்டார் சைக்கிள் நிற்கும். அந்தக் கூலியை அவருக்குக் கொடுங்கள்.

அப்படியென்றால் ரிக்கற் காசை அனுப்பினால் போதுமே, ஏன் வரவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு பிள்ளையின் விமான ரிக்கற் இங்கே ஒரு முன்பள்ளி ஆசிரியை வருடம் முழுக்க எடுக்கும் கொடுப்பனவைவிடக் கூடத்தான். ஆனாலும் நான் அந்தப் பக்கம் இல்லை. காசு மட்டும் வருவது எங்களுக்குப் பழகிவிட்டது. வெஸ்டர்ன் யூனியனில் காசு வரும், ஆள் வராது. பேரப்பிள்ளைகளை வட்ஸ்அப்பில் மட்டும் கண்ட கிழவிகள் இங்கே எத்தனை பேர்! ஆள் வந்து வீட்டில் இருப்பது, பக்கத்தில் இருந்து சாப்பிடுவது பெரிய விஷயம். வருகிற பிள்ளைகளுக்கும் இது தேவை. தாய் தகப்பன் விட்டுவிட்டுப் போன இடத்தை அவர்கள் இரக்கப்பட வேண்டிய இடமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. இங்கே ஜெபிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். யுத்தம் முடிந்த காலத்தில் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வேதபாடம் நடத்திய பெண்கள் இன்றைக்கும் எங்கள் சபையில் பாய் விரிக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை, போய்ப் பக்கத்தில் இருங்கள்.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்காபரோவிலிருந்து ஒரு பிள்ளை குழுவோடு வந்து, குழு திரும்பியபோது பாஸ்டரிடம் கேட்டு இங்கேயே நின்றுவிட்டாள். ஒரு அம்மம்மாவின் வீடு, கல்வீடுதான், வீட்டுத்திட்டத்தில் கட்டியது, பூச்சு மட்டும் முடியவில்லை. முதல் நாட்களில் கிணற்றில் வாளி போட்டால் பாதித் தண்ணீர்தான் மேலே வரும். அம்மம்மா பக்கத்தில் நின்று, கயிற்றை இழுக்கும்போது இடுப்பை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். புட்டுக்கு மா குழைக்கவும் அங்கேதான் பழகினாள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் கணக்கு நன்றாக வரும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். திரும்பிப் போன பிறகும் அது நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் இங்கே பின்னேரம் ஆறரை, அங்கே கோடை காலத்தில் காலை ஒன்பது. ஒரு போனைச் சோற்றுப் பானையில் சாய்த்து வைத்துவிட்டு நாலைந்து பிள்ளைகள் சுற்றி இருந்து அட்சரகணிதம் செய்வார்கள். அதில் படித்தவர்களில் சைவப் பிள்ளைகளும் இருந்தார்கள், ஒரு தாய்க்கும் அதில் மனக்கசப்பு இல்லை. அவள் ஒரு நாளும் மைக் பிடித்துப் பிரசங்கம் செய்யவில்லை. அம்மம்மாவோடு இரவு ஜெபத்தில் முழங்காலில் நின்றாள், அதை ஊர் பார்த்தது.

விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் வந்து மேடை போட்டுப் பிரசங்கம் செய்வது குடிவரவு விதிகளுக்கு ஒத்துவராது. பிரச்சினை வந்தால் கூட்டிக்கொண்டு வந்த ஊர்ச் சபைதான் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டும். வரமுன் சரியாக விசாரித்து, என்ன செய்ய வருகிறோம் என்பதை உண்மையாகச் சொல்லி, அதற்குரிய விசாவை எடுங்கள்.

அடுத்த ஆடிக்கு வர நினைப்பவர்கள் தை மாதமே எனக்கு எழுதுங்கள். திட்டம் ஒன்றும் போட வேண்டாம். உங்களுக்கு என்ன வரும் என்று மட்டும் சொல்லுங்கள்: கணக்கா, இங்கிலிஷா, தையலா, கணினியா, வயதானவர்களோடு இருக்கும் பொறுமையா. எந்த வீடு, என்ன வேலை என்பதைப் பாஸ்டரும் சபைப் பெண்களும் இருந்து முடிவு செய்வார்கள். இருவர் இருவராக வாருங்கள், ஒரு மாதத்துக்குக் குறையாமல் வாருங்கள். சாப்பாட்டுச் செலவுக்கான காசை வீட்டுக்காரரின் கையில் கொடுக்காமல் சபையில் கட்டுங்கள், கையில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். நுளம்பு வலை, தொப்பி, முழங்காலுக்குக் கீழே வரும் உடுப்பு போதும்.

அனுப்பும் சபைகளின் மூப்பர்மாரும் பெற்றோரும் பயப்படுவீர்கள், தெரியும். உங்களில் பலர் ஓடிப்போன வீதிக்குத்தான் பிள்ளையை அனுப்பச் சொல்கிறோம். பிள்ளை தங்கப் போகும் வீட்டு அம்மாவோடு முதலில் நீங்களே போனில் கதையுங்கள். நம்பரை இன்பொக்ஸில் தருகிறேன்.