முசோலினிக்கு நன்றி சொல்லும் உரிமை

வெள்ளை முடியை நேர்த்தியாக வாரி உயர்த்தியிருக்கும் ஒரு மூதாட்டியின் புகைப்படமும், படுக்கையறையில் ஆராய்ச்சி செய்தே நோபல் பரிசு வாங்கிவிட்டார், தடையெல்லாம் படிக்கட்டு என்பது போன்ற ஒரு வாசகமும் சில மாதங்களுக்கு ஒருமுறை என் கண்ணில் படுகின்றன. படத்தில் இருப்பவர் இத்தாலிய நரம்பியல் விஞ்ஞானி ரீட்டா லெவி-மொந்தால்சினி. அவர்மீது எனக்கு இருக்கும் மதிப்பு பெரியது. அந்த வாசகத்தோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

அந்தப் படுக்கையறையில் நடந்த வேலை உண்மையிலேயே வியப்புக்குரியது என்பதால், முதலில் அதைப் பார்த்துவிடலாம். இடம் வட இத்தாலியின் தூரின் நகரம், ஆண்டு 1940. ஒரு நுண்ணோக்கி, கோழி முட்டைகளை இளஞ்சூட்டில் வைக்க ஒரு அடைபெட்டி, கைகளை நுழைக்க இரண்டு துளைகள் விட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியைச் செய்ய உதவியவர் கட்டடக் கலைஞரான அண்ணன் ஜீனோ. கருவில் அறுவை செய்யும் கத்திக்காக ரீட்டா தையல் ஊசியைத் தீட்டிக்கொண்டார். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் நுண்ணிடுக்கியும் கண் மருத்துவரின் சின்னக் கத்தரிக்கோலும் மற்ற கருவிகள். முட்டை ஓட்டில் சிறிய திறப்பு வைத்து, மூன்று நாள் வயதுள்ள கருவில் பின்னாளில் இறக்கையாகவோ காலாகவோ வளரவிருக்கும் மொட்டைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். சில நாட்கள் கழித்து அந்தக் கருவை மெல்லிய சீவல்களாக அறுத்து, வெள்ளி உப்பால் சாயமேற்றி, அந்த உறுப்புக்குப் போகவேண்டிய நரம்பணுக்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையின் மூலவர் ஜெர்மானிய உயிரியலாளர் விக்டர் ஹாம்பர்கர். உறுப்பு இல்லாவிட்டால் அதை நோக்கிச் செல்லும் நரம்பணுக்கள் உருப்பெறுவதற்கான தூண்டுதல் கிடைக்காமல் போகிறது என்று அவர் 1934இல் எழுதியிருந்தார். ரீட்டா கண்டது வேறு. அணுக்கள் உருப்பெறுகின்றன, வளரத் தொடங்குகின்றன, பிறகு போய்ச் சேர இடமில்லாமல் மடிகின்றன. அப்படியானால் அவற்றை உயிரோடு வைத்திருக்கும் ஏதோ ஒன்று அந்த உறுப்பிலிருந்து வந்தாக வேண்டும். பின்னாளில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர் பெற்ற பொருளை நோக்கிய முதல் அடி, அந்த அறையில் எடுத்து வைக்கப்பட்டது.

குண்டுவீச்சு கடுமையானதும் குடும்பம் கிராமத்து வீடொன்றுக்கு இடம்பெயர, ஆய்வுக்கூடமும் அங்கே ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது. போர்க்காலத்தில் முட்டை கிடைப்பதே பெரும்பாடு; அதிலும் இவருக்குச் சேவல் சேர்ந்த முட்டைதான் வேண்டும். மிதிவண்டியில் பண்ணை பண்ணையாகப் போய், தன் குழந்தைகளுக்கு அதில்தான் சத்து அதிகம் என்று சொல்லி வாங்கி வருவார். குழந்தையும் இல்லை, கல்யாணமும் இல்லை. கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. கருவை எடுத்த பிறகு மீந்த முட்டை வீணாகக் கூடாதென்று அடுப்பில் ஆம்லெட்டாகும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஜீனோ அதைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

இவ்வளவும் உண்மை, சுவையும் கூட. ஆனால் இந்தப் பெண் எதற்காகப் படுக்கையறைக்குள் வந்தார் என்ற கேள்விக்கு அந்தப் பதிவுகளில் ‘தடை’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு பதில் இருப்பதில்லை. மழை வந்தது, பாலம் உடைந்தது என்பதுபோல யார் செய்ததென்றே தெரியாத ஒரு தடை!

அந்தத் தடைக்குத் தேதி உண்டு, செய்தவர்களுக்குப் பெயரும் உண்டு. 1938 ஜூலையில், சர்வாதிகாரி முசோலினி ஆண்ட இத்தாலியில் ‘இன அறிக்கை’ ஒன்று வெளியானது. இத்தாலியர்கள் ஆரிய இனத்தவர், யூதர்கள் அதில் சேராதவர்கள் என்றது அது. அதன்கீழ் பெயர் கொடுத்தவர்கள் பத்து விஞ்ஞானிகள். குண்டர்களோ கட்சித் தொண்டர்களோ எழுதியிருந்தால்கூட மனம் இவ்வளவு கசக்காது. அந்த இலையுதிர்காலத்திலேயே வந்த சட்டங்கள் யூதர்களைப் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அறிவியல் கழகங்களிலிருந்தும் வெளியேற்றின. காலியான பேராசிரியர் நாற்காலிகளில் சக ஊழியர்கள் வந்து அமர்ந்தார்கள். பல்கலைக்கழகங்களிலிருந்து சொல்லும்படியான எதிர்ப்பு எதுவும் எழவில்லை.

ரீட்டா அப்போது 29 வயது மருத்துவர். பெண்களுக்குத் தொழில்வாழ்க்கை ஒத்துவராது என்று நம்பிய தந்தையிடம் இருபது வயதில் வாதாடி, எட்டே மாதங்களில் லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் படித்து முடித்து, 1930இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். 1936இல் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றவர். வீட்டுக்குள் இருந்த தடையை வாதாடி வெல்ல முடிந்தது. அரசாணையிடம் வாதாட வழியில்லை. அவருடைய ஆசான் ஜுசெப்பே லெவியும் பதவி இழந்தார். இந்த ஆசானிடம் பயின்ற மாணவர்களில் சல்வதோர் லூரியா, ரெனாத்தோ துல்பெக்கோ, ரீட்டா ஆகிய மூவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள் என்றால், எப்பேர்ப்பட்ட வகுப்பறையை அந்த நாடு தன் கையாலேயே கலைத்தது என்று பாருங்கள். ரீட்டா பிரஸ்ஸல்ஸுக்குப் போனார். ஜெர்மானியப் படை அங்கும் வரப்போவது தெரிந்ததும் 1940 வசந்தத்தில் திரும்பிவிட்டார். பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த ஆசானும் அந்த அறையில் மாணவிக்கு உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். பருத்த உடலோடு அந்தச் சின்ன அறையில் அவர் திரும்பும்போதெல்லாம் நுண்ணோக்கியின் கண்ணாடித் தகடுகளுக்கு ஆபத்துதான்.

ஹாம்பர்கரும் 1933இல் ஹிட்லரின் சட்டத்தால் ஜெர்மனியில் வேலை இழந்த யூத வம்சாவளியினர் என்பது தற்செயலா? ஒரு சர்வாதிகாரி துரத்திய ஆய்வாளரின் கட்டுரையை, இன்னொரு சர்வாதிகாரி துரத்திய பெண் படித்து வேலையைத் தொடர்ந்திருக்கிறார். முடிவுகளை வெளியிட இத்தாலிய இதழ்களில் இடமில்லை, எழுதியவர் யூதர் என்பதால். பெல்ஜிய இதழில் அவை வெளியானதால்தான் அமெரிக்காவிலிருந்த ஹாம்பர்கரின் கைக்கு எட்டின. அவர் அழைப்பின்பேரில் 1947இல் ஒரு பருவத்துக்கு என்று செயின்ட் லூயிஸ் போன ரீட்டா, அங்கே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். புற்றுக்கட்டி வளர்ந்த இரண்டு எலிகளைக் கைப்பையில் மறைத்து விமானத்தில் ரியோ டி ஜெனிரோ கொண்டுபோனதும், அங்கே கண்ணாடித் தட்டில் நரம்பிழைகள் சூரியக் கதிர்களைப்போல் விரிந்ததும், உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்ததும், 1986இல் இருவருக்கும் நோபல் கிடைத்ததும் தனியே எழுத வேண்டிய கதை.

அந்தக் கதையில் அரசு பறிக்காமல் விட்டவற்றுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சொந்த வீடு இருந்தது, கைகொடுக்க அண்ணன் இருந்தார், ஓரளவு வசதி இருந்தது, 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்தபோது ஃபுளோரன்ஸ் போய்ப் பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ வாய்ப்பும் அமைந்தது. அதே தூரின் நகரத்துப் பிள்ளை, பத்து வயது இளையவரான, பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற பிரீமோ லெவி. 1941இல் அவர் வாங்கிய வேதியியல் பட்டத்திலேயே ‘யூத இனம்’ என்று குறித்திருந்தார்கள். 1944 பிப்ரவரியில் அவரை நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்சுக்கு ரயிலேற்றினார்கள். 1943 அக்டோபர் 16 அன்று ரோம் நகரில் வளைத்துப் பிடித்து அங்கே அனுப்பப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் திரும்பியவர்கள் 16 பேர். அவர்களில் எத்தனை பேருக்கு ஊசி தீட்டத் தெரிந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? தடை படிக்கட்டு என்று எழுதுகிறவர், ஏறி வந்த ஒருவரை மட்டுமே பார்த்து எழுதுகிறார்.

‘ரீட்டாவே முசோலினிக்கு நன்றி சொல்லியிருக்கிறாரே’ என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். சொல்லியிருக்கிறார், தன்னைத் தாழ்ந்த இனம் என்று அறிவித்துப் படுக்கையறையில் வேலை செய்யும் மகிழ்ச்சியைத் தந்ததற்காக நன்றி என்ற பொருளில், வயதான காலத்தில். அது அடிபட்டவர் அடித்தவன் முகத்தில் வீசிய கேலி. அந்தக் கேலிக்கு அவர் கொடுத்த விலை அதிகம். நாம் அதை இலவசமாக எடுத்து வாழ்த்து அட்டையில் அச்சிடுகிறோம். 2001இல் அவரை இத்தாலிய நாடாளுமன்ற மேலவையில் வாழ்நாள் செனட்டராக நியமித்தார்கள். தள்ளாத வயதிலும் அவையில் வந்து வாக்களித்தார் என்பதற்காக, 2007இல் ஒரு வலதுசாரி அரசியல்வாதி அவருக்கு ஊன்றுகோல் அனுப்பிவைக்கலாம் என்று எள்ளி எழுதினார். அப்போது அவருக்கு 98 வயது.

103 வயதுவரை வாழ்ந்த அந்த வாழ்க்கையில், அந்தப் பதிவுகளில் நான் ஒருபோதும் பார்த்திராத பகுதி ஒன்று உண்டு. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் ஃபுளோரன்ஸை விட்டு அகன்றதும், போர் அகதிகள் முகாமில் அவருக்கு மருத்துவர் வேலை கிடைத்தது. முகாமில் குடற்காய்ச்சல் பரவி, நாள்தோறும் சாவு. பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர அவரால் பல நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. போர் முடிந்து 1945இல் தூரின் திரும்பிய பிறகு, அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற மருத்துவப் பட்டத்தை வைத்து அவர் எந்த நோயாளிக்கும் வைத்தியம் பார்க்கவில்லை.